கைமாறிய காரும் கைமாறாத வரண்டியும்

கிளிநொச்சிப் பக்கம் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் தனியே போவதில்லை. எஞ்சின் சத்தம் கேட்க ஒரு மெக்கானிக், புத்தகம் பார்க்க லீசிங்கில் வேலை செய்யும் மருமகன், விலை பேசுவதற்கு ஒரு மாமா என்று கூட்டமாகத்தான் போவார்கள். பொனெற்றைத் திறப்பார்கள், அடியில் குனிந்து ஒயில் கசிகிறதா என்று பார்ப்பார்கள், டயரைத் தடவுவார்கள். பற்றரியின் வரண்டி காட்டைக் கேட்பவர் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு காலை ஸ்ராட் வராத காரோடு, அந்தக் காட்டின் கதை என் மேசைக்கு வந்து சேரும்.

நான் ஏ9 வீதியோரத்தில் ஒரு பற்றரிக் கடையின் முன்மேசையில் இருக்கிறேன். பற்றுச்சீட்டு எழுதுவது, காட் நிரப்பி முத்திரை குத்துவது, வரண்டிக் காலத்துக்குள் பழுதாகி வரும் பற்றரிகளைக் கொழும்புக்கு அனுப்பப் படிவம் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. பின்பக்கம் சோதிப்பவர் ஒரு தம்பி. "கிடைக்காது" என்று வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். அப்படிச் சொன்னவற்றில் நிறைய, கார் வாங்கிய நாளிலேயே தவிர்த்திருக்கக்கூடியவை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முள்ளியவளைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் வந்தார். வவுனியாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாங்கிய வாகன் ஆர். பதிவு கம்பஹாக்காரர் ஒருவரின் பெயரில். இடையில் இன்னொருவர், தன் பெயருக்கு மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் வைத்திருந்து விற்றிருக்கிறார். பற்றரி வேறு ஊரில் வாங்கியது, நாங்களும் விற்கும் பிராண்ட்.

"பிள்ளை, இஞ்ச பாருங்கோ, பற்றரியிலயே திகதி ஒட்டியிருக்கு. வருசம் முடியேல்லை. பிறகேன் மாத்தித் தரமாட்டியள்?"

"ரீச்சர், காட் இருக்கே?"

"காட்டோ? புத்தகமும் இன்சூரன்சும்தான் தந்தவை. வேறயும் கேட்டு வாங்கவேணும் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் இருவர்: விற்றவர், விற்பனைக்கு நடுவில் நின்று கொமிசன் வாங்கியவர். இருவரும் சொல்லவில்லை. அந்த மாத லீசிங் கட்டுப்பணத்தோடு புதுப் பற்றரியின் விலையும் சேர்ந்து அவர் தலையில் விழுந்தது. பழையதை ஈயத்துக்குக் கழித்துக் கொடுத்தோம். அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

வரண்டி என்பது விற்றவர் வாங்கியவருக்கு எழுத்தில் கொடுக்கும் வாக்கு. காட்டில் பற்றரியின் தொடர் இலக்கம், ரகம், விற்ற திகதி, வாகன இலக்கம், வாங்கியவர் பெயர், கடையின் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் அதன் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், முதல் கொள்வனவாளருக்கு மட்டுமே செல்லும் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் நான் மேசையில் காண்கிற நடைமுறை அதைவிட இளகியது. காட், பற்றரி, அதில் எழுதிய அதே வாகனம் மூன்றும் சேர்ந்து வந்தால், கொண்டுவந்தவரின் அடையாள அட்டையை யாரும் கேட்பதில்லை. கார் கைமாறியதால் மட்டும் திருப்பி அனுப்பப்பட்ட பற்றரிகள் குறைவு. காட் கைமாறாததால் திருப்பி அனுப்பப்பட்டவைதான் அதிகம். காட் இல்லாமல் வந்தால், சில நிறுவனங்கள் பற்றரியின் உடலில் பொறித்திருக்கும் தயாரிப்புக் குறியீட்டிலிருந்து காலத்தை எண்ணிக் கொஞ்சம் இரங்குவதுண்டு. அதை உரிமையாகக் கேட்க முடியாது.

வாகன இலக்கத்தை ஏன் எழுதுகிறோம் என்று பலர் கோபப்படுவார்கள். காருக்கு என்று விற்ற பற்றரியை லான்ட் மாஸ்டரில் பூட்டுவார்கள், வீட்டு இன்வேர்ட்டருக்கு மாற்றுவார்கள், வாடகை வானில் ஓடவிட்டுவிட்டு மறுபடி காரில் வைத்துக் கொண்டுவருவார்கள். நாள் முழுதும் ஓடும் வாடகை வாகனத்துக்கு வரண்டிக் காலம் பெரும்பாலும் குறைவு. பழைய கார் வாங்குபவருக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விலை பேசிய அன்று காரில் இருந்த நல்ல பற்றரியை, ஒப்படைக்கும் முன் கழற்றிவிட்டுக் கிழட்டுப் பற்றரி ஒன்றை வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விலை பேசும் அன்றே தொடர் இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்தால் அது நடக்காது.

வரண்டிக் காலம் முழுவதும் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்பதும் பலருடைய எண்ணம். அப்படித் தரும் திட்டங்கள் உண்டு. பாதிக் காலம் இலவசம், மீதிக்குக் கழிவு என்ற திட்டங்களும் உண்டு. உதாரணத்துக்கு, 40,000 ரூபாப் பற்றரிக்கு 24 மாத வரண்டி, முதல் 12 மாதம் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். 18ஆம் மாதம் பழுதானால் மீதி 6 மாதம், அதாவது காலத்தில் கால்பங்கு. 10,000 ரூபா கழித்து 30,000 கட்டச் சொல்வார்கள். அந்தக் கால்பங்கைப் பற்றுச்சீட்டு விலையிலா இன்றைய விலையிலா கணக்கிடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2022இல் ரூபா விழுந்தபோது இந்த இரண்டு விலைக்கும் இடையே இருந்த தூரத்தை நான் பார்த்திருக்கிறேன். மாற்றித் தரும் பற்றரிக்குப் புதிதாக 24 மாதம் தொடங்குவதும் வழமையில்லை. பழையதில் மிஞ்சிய காலம்தான் அதற்கு.

காட் இருந்தும் மறுக்கப்படுபவை தனி ரகம். வரண்டி தாங்குவது தயாரிப்புக் குறைபாட்டை: உள்ளே ஒரு செல் செத்துப்போவது, தகடுகளை இணைக்கும் ஈயம் விட்டுப்போவது போன்றவை. தம்பி முதலில் மல்ரிமீற்றர் வைத்துப் பார்ப்பார். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ற் பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12க்கு வந்துவிட்டால் அது கிட்டத்தட்ட வெறுமை. பிறகு சார்ஜில் போட்டு, மூடி திறக்கக்கூடியதென்றால் ஹைட்ரோமீற்றரால் ஒவ்வொரு செல்லாக அமிலத்தின் அடர்த்தியை அளப்பார். ஐந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் என் மனம் நிம்மதியாகும், அது பெரும்பாலும் வரண்டிக்குள் வரும். ஆறும் ஒரேயளவில் விழுந்திருந்தால் பற்றரி பட்டினி கிடந்திருக்கிறது என்று பொருள். அதை நிறுவனம் ஏற்காது. டைனமோ சார்ஜ் கொடுக்காத காரில் எந்தப் பற்றரியும் பட்டினிதான். எஞ்சின் ஓடும்போது முனையில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை இருக்க வேண்டும். பழைய கார் வாங்கப் போகும்போது ஒரு மல்ரிமீற்றர் கொண்டுபோங்கள். இரண்டு நிமிட வேலை.

பற்றரி சீக்கிரம் சாவதற்கு வன்னிக்கென்று சில காரணங்கள் இருக்கின்றன. ஒன்று வெயில். குளிரில்தான் பற்றரி சாகும் என்பது குளிர்நாட்டுப் பேச்சு. சூடு ஏறினால் உள்ளே நடக்கும் அரிப்பும் வேகமாகும், தண்ணீரும் ஆவியாகும். இன்னொன்று அந்தத் தண்ணீருக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது. எங்கள் கிணற்றுத் தண்ணீரால் கேத்திலில் படியும் வெள்ளையை நினைத்துப் பாருங்கள். அதே உப்புகள் தகட்டுக்குப் போகின்றன. காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றவேண்டிய இடத்தில் கிணற்று நீர் ஊற்றியது தெரிந்தால் வரண்டி அந்த இடத்தோடு முடிந்தது. மூன்றாவது, ஓடாமல் நிற்கும் கார்கள். கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் பிள்ளைகள் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆடி விடுமுறைக்கும் வந்து ஓடவென்று வாங்கிவிட்ட கார்கள் மாதக்கணக்கில் மாமரத்தடியில் நிற்கும். அலாரமும் மணிக்கூடும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி முடிக்கும். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்திலும், அந்த யூலையில் கியூஆர் பங்கீடு தொடங்கிய பிறகும், கார்களை வீட்டில் நிறுத்தி வைத்தவர்கள் இப்படித்தான் பற்றரிகளை இழந்தார்கள். அப்படியான கார் இப்போது உங்களிடம் வந்திருந்தால் அதன் பற்றரியின் வயதை ஒட்டுத்தாளின் திகதி முழுமையாகச் சொல்லாது.

புதுக்குடியிருப்பில் என் அப்பா பற்றரி சார்ஜ் கடை வைத்திருந்தவர். போர்க்காலத்தில், 1990க்குப் பிறகு, வன்னிக்குள் வர அனுமதியில்லாத பொருட்களின் பட்டியலில் பற்றரிகளும் இருந்தன. ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் பற்றரியைக் கழற்றி வீட்டில் இரண்டு பல்ப் எரிப்பார்கள். கிடைப்பதற்கரியது என்பதால் யாரிடமிருந்து யாருக்குப் போனாலும் அந்தப் பற்றரியின் வரலாறும் கூடவே போனது. எப்போது தண்ணீர் விட்டது, எந்த செல் சோர்ந்தது என்று கொடுப்பவர் வாயாலேயே சொல்லிக் கொடுப்பார். இன்று கடையில் பிராண்டுகள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரலாற்றைச் சொல்லுகிற பழக்கம் போய்விட்டது, எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் தெரிகிறது.

ரகம் மாறிப் பூட்டுவதும் வரண்டியை முறிக்கும். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் இது அடிக்கடி நடக்கிறது. நின்றால் எஞ்சின் தானாக அணைந்து மறுபடி உயிர்க்கும் வசதியுள்ள கார்களுக்கு கே-42, எம்-42, கியூ-85 போன்ற குறியீடுள்ள பற்றரிகள் இருக்கின்றன. அந்த இடத்தில் மலிவான சாதாரணப் பற்றரி வைத்தால் அடிக்கடி ஸ்ராட் எடுக்கும் சுமையை அது தாங்காது. பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் 12 வோல்ற் பற்றரி பின் டிக்கிக்குள், ஆட்கள் இருக்கும் அதே காற்றுவெளியில் இருக்கிறது. அதற்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு, உதாரணமாக எஸ்46பி24ஆர், வாயுவை வெளியே விடச் சின்னக் குழாயும் உண்டு. அதில் சாதாரண அமிலப் பற்றரி வைத்துவிட்டு விற்றவர்களும் இருக்கிறார்கள். அது வரண்டியைவிடப் பெரிய விஷயம், வெளியேறும் ஐதரசன் மூடிய இடத்தில் சேரும்.

ஹைபிரிட் என்று சொல்லும்போதே மக்கள் கேட்பது மற்றப் பற்றரியைத்தான். பின் இருக்கைப் பக்கத்தில் இருக்கும் பெரிய பற்றரி. மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 துண்டுகள் சேர்ந்து 201.6 வோல்ற், அக்வாவில் 20 துண்டுகள் சேர்ந்து 144 வோல்ற். எங்கள் கடை அதைத் தொடுவதில்லை, ஆனாலும் நாளாந்தம் கேட்பார்கள்: "கொம்பனி வரண்டி இருக்கெண்டு வித்தவர் சொன்னவர் அக்கா, உண்மையே?" ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்த காருக்கு, ஜப்பானில் கொடுத்த வரண்டி கடல் தாண்டி வராது. உற்பத்தியாளரின் வரண்டி பொதுவாக முதலில் விற்ற நாட்டுக்குள்தான். விற்றவர் தானே எழுதித் தந்தால் மட்டுமே இங்கே ஏதாவது இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. 2012, 2014 ஆண்டு ஹைபிரிட்கள் மூன்றாவது நான்காவது கைக்கு வந்தது அப்போதுதான். அவற்றின் பெரிய பற்றரியில் சோர்ந்த துண்டுகளை மட்டும் மாற்றிக் கொடுக்கும் தொழிலும் கூடவே வளர்ந்தது. செய்கிறவர்கள் கைதேர்ந்தவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு துண்டைப் புதிதாக்கினால் மற்றவை பழையனவாகவே இருக்கின்றன, அடுத்தது எது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆறு மாத வரண்டி என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். மாற்றிய துண்டுக்கா, முழுப் பற்றரிக்கா? இதை எழுதி வாங்குங்கள். பின் இருக்கையருகே காற்று உறிஞ்சும் துவாரத்தின் வடியையும் பாருங்கள். எங்கள் செம்மண் தூசி அதை அடைத்து, விசிறி மூச்சுவிட முடியாமல், பற்றரி வெந்துபோன கார்கள் ஏராளம்.

சூட்டுக்கும் வரண்டிக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்குக் காட்டியது அமெரிக்காவின் அரிசோனா. நிசான் லீஃப் மின்சாரக் கார் வாங்கிய ஃபீனிக்ஸ் நகரவாசிகள் 2012 கோடையில், கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் ஒவ்வொன்றாக மறைகிறது என்று முறையிட்டார்கள். அந்தக் காரின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. வழக்கும் போடப்பட்டது. அதன் பின் நிறுவனம், ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் 9 கோட்டுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதாக, ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் சேர்த்து அறிவித்தது. அதே லீஃப்கள் இலங்கைக்கும் வந்து ஓடுகின்றன, அந்த வாக்கு அவற்றோடு வரவில்லை. வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கணினியைப் பூட்டி அந்தக் கோடுகளைத் தற்காலிகமாக 12ஆகக் காட்டவைக்கலாம். லீஃப் ஸ்பை என்ற செயலியும் காரில் செருகும் சின்னக் கருவியும் இருந்தால் உண்மையான ஆரோக்கிய வீதம் தெரியும்.

டொயோட்டா அமெரிக்காவில் 2020 மாதிரியிலிருந்து ஹைபிரிட் பற்றரிக்கு 10 ஆண்டு அல்லது 150,000 மைல் வரண்டி தருகிறது. கார் கைமாறினாலும் அது காரோடு போகும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முடியாத காரியம் என்று இங்கே சொல்லப்படுவது வேறிடத்தில் சாதாரண நடைமுறையாக இருக்கிறது. 12 வோல்ற் பற்றரி ஒன்றுக்கு மிஞ்சியிருக்கும் பத்து மாதத்தை, வாங்கிய வாகனத்தோடு அடுத்தவருக்குக் கொடுப்பதால் எந்த நிறுவனமும் நட்டப்படப் போவதில்லை. அந்தப் பத்து மாதத்துக்கான பணம் முதல் நாளே கட்டப்பட்டுவிட்டது. முதல் கொள்வனவாளருக்கு மட்டும் என்ற வரியை எடுத்துவிட்டு, பதிவு செய்த வாகனத்துக்கு என்று அச்சிட வேண்டும். தொடர் இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் விற்கும்போதே கணினியில் ஏற்றினால் காட் தொலைந்த கதையே இருக்காது. வன்னியில் பழைய ஓட்டோவோ பட்டா லொறியோ வாங்கித் தொழில் தொடங்குபவர்களில், கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பற்றரியின் விலை ஒரு மாத வீட்டுச் செலவு.

அதுவரை நாங்களே செய்யக்கூடியது இருக்கிறது. கார் வாங்கும்போது காட்டையும் பற்றுச்சீட்டையும் விலையின் பகுதியாகக் கேளுங்கள். தொடர் இலக்கம் பொருந்துகிறதா என்று பாருங்கள். காட்டின் பின்பக்கத்தில், இந்தப் பற்றரி பூட்டிய வாகனத்தை இன்ன திகதியில் இன்னாருக்கு விற்றேன் என்று விற்பவரிடம் ஒரு வரி எழுதி ஒப்பம் வாங்குங்கள். பிறகு அந்தப் பிராண்ட் விற்கும் பக்கத்துக் கடைக்குப் போய்க் காட்டுங்கள். முதலாளியிடம் பேசி எங்கள் கடையில் அந்த மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறோம், எங்களிடம் வாங்கிய பற்றரிகளுக்கு மட்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் கேட்பார்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, அந்தப் பொருளை விற்பதே தொழிலான ஒருவர் விற்றால் அதன் தரத்துக்கு அவர் சொல்லாமலே ஓரளவு பொறுப்பாளி. தன் காரைத் தானே விற்கும் தனிமனிதருக்கு அந்தப் பொறுப்பு பெரும்பாலும் இல்லை, அங்கே வாங்குபவர்தான் கண் திறந்திருக்க வேண்டும். ஆகவே கார் விற்பனை நிலையத்தில் வாங்கினால் அந்த நிலையத்தின் பெயரிலேயே பற்றுச்சீட்டு கேளுங்கள். ஓப்பின் பேப்பரைக் கையில் தந்து, புத்தகத்தில் பெயருள்ள யாரோ உங்களுக்கு விற்றதாகக் காட்டிவிட்டு அவர்கள் ஒதுங்க விடாதீர்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தாவிட்டால் முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுக்கிறது. விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிடலாம். தொலைபேசியில் 1977. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள். பற்றரி செத்த நாளிலிருந்து எண்ணி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் எண்ணத் தொடங்குவது விற்பனைத் திகதியிலிருந்து. ஆகவே விற்பனை நிலையத்தில் கார் எடுத்தால், அந்த மூன்று மாதத்துக்குள் ஒருமுறையாவது பற்றரியையும் டைனமோவையும் ஒரு கடையில் சோதித்து, அளவுகளைத் திகதியோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.